ஊதாத சங்கு

கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறியதொரு குறி இடப்பட்டிருந்தது. இட்டவர் யமந்தூ சில்வேரா, பார்ரா செக்கா புயலெச்சரிக்கை நிலையத்தின் தலைவர். பேனாவை ஏந்தியபடி அக்குறியையே வெறித்துக்கொண்டிருந்தவள் ஃபியோரெல்லா, நிலையத்தின் கணினிகளைக் காப்பவள். குழந்தையாக இருந்தபோது திருமுழுக்குத் தொட்டியருகே அவளைக் கையில் ஏந்தி நின்றவரும் யமந்தூவே. அவளுக்கு ஞானத் தகப்பன்.

“இங்கதாம்மா. பேரை மட்டும் எழுது. மத்ததை நான் பாத்துக்கறேன்,” என்றார் அவர்.

“எழுதறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை வாய்விட்டுப் படி, கண்ணு,” என்ற குரல் வாசலில் கேட்டது.

துப்பறிவாளர் நிபியா எச்செவெரி உள்ளே வந்தார். அக்குளில் தெர்மோஸ் குடுவை. கையில், மாத்தே என்னும் இலைத்தேநீர் ஊறும் சுரைக்குடுக்கை. அதிலிருந்த உலோகக் குழலை அவர் உறிஞ்சும் ஓசை, எதிராளியின் பொய்யை அளந்து பார்க்கும் ஓசை என்பது அவருடைய உதவியாளன் வில்மாரின் கருத்து. அந்த வில்மார் பின்னாலேயே மணலை உதறிக்கொண்டு நுழைந்தான். ஆண்டில் ஒரு பருவம் திருவிழா மூர்காக் குழுவில் கேலிப்பாட்டுப் பாடுவான். எஞ்சிய காலமெல்லாம் சம்பளமின்றி அதே தொழிலைச் செய்வான்.

ஃபியோரெல்லா படித்தாள். “நிலையத்தின் யூனிக்ஸ் கணினியைப் புதுப்பித்தபோது, குறித்த நேரங்களில் தானாகச் செய்ய வேண்டியவற்றை அடுக்கிய நேரப்பணிக் கோப்பில் முரண் இருப்பதாகக் கணினி என்னிடம் கேட்டது. நம்முடைய வரியை வைத்துக்கொள்ளாமல், புதிதாக வந்ததை வைத்துக்கொள்ளுமாறு விடையளித்தேன். அதனால் கடற்கரைச் சங்கை ஊதச் செய்யும் கட்டளை அழிந்தது. தவறு முழுவதும் என்னுடையது.”

“அடேயப்பா! மூர்கா மேடையில அமைச்சரைக் கட்டிவெச்சுப் பாடினப்பகூட இவ்வளவு சுத்தமா யாரும் ஒத்துக்கிட்டதில்ல,” என்றான் வில்மார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அந்த ஊரே இல்லை. தென்கிழக்கிலிருந்து சுதெஸ்தாதாப் புயல் எழுந்த விடியலில் கரைச்சங்கு ஊதவில்லை. ஊதாததால் கடல் அமைதி என்று நம்பி, ஃபியோரெல்லாவின் அண்ணன் தார்தோவும் அவனுடைய கூட்டாளி எபெரும் படகைத் தள்ளினார்கள். தார்தோ நீந்திக் கரை சேர்ந்தான். எபெரின் உடலைக் கடல் பின்னர் கொண்டுவந்து போட்டது. தலைநகரிலிருந்து ஆய்வதிகாரி பிற்பகலில் வருகிறார். இந்த வாக்குமூலம் அவர் கைக்குப் போனால் ஃபியோரெல்லாவுக்கு வேலை போகும். எபெரின் சாவுக்கு வழக்கும் வரும். அவை இரண்டையும்விட அவள் அஞ்சியது வேறொன்றை. அன்று முதல் அண்ணன் அவளோடு ஒரு சொல்லும் பேசவில்லை. இதில் அவள் ஒப்பமிட்டுவிட்டால், அந்த மௌனத்துக்கு முத்திரை குத்தியதாகிவிடும்.

“கணினி கேட்டுதுன்னு எழுதியிருக்கே. கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கா?” என்றார் நிபியா.

அவள் கண்கள் யமந்தூவை நாடின. “கேள்வி நிறைய வந்துச்சு, தோன்யா,” என்று, அவ்வூரில் பெண்களை மரியாதையாக விளிக்கும் சொல்லால் தொடங்கினாள். “ பாஸ்வேர்டுக் கோப்பு, வெளியிலேர்ந்து உள்ள வர்றதுக்கான கோப்பு, இப்படி ஒவ்வொண்ணா. பதில் சொல்லிக்கிட்டே போனேன். ஆனா நேரப்பணிக் கோப்பு வந்த மாதிரி... எவ்வளவு யோசிச்சாலும் வரல.”

“அப்புறம் ஏன் கேட்டுதுன்னு எழுதறே?”

“ஞானப்பா பக்கத்துல இருந்தாரு. அவர் பாத்தாரு. அவர் பொய் சொல்வாரா?”

யமந்தூ அவள் தலையை மெல்ல வருடினார். “பொண்ணுக்கு மனசு கலங்கியிருக்கு, நிபியா. ஒருநாள்கூடத் தூங்கல. உன்னைக் கூப்பிட்டதே அதுக்குத்தான். வேணும்னு செய்யல, கை தவறிடுச்சுன்னு நீ ரெண்டு வார்த்தை எழுதிக்கொடுத்தா, தண்டனை குறையும். உன் பேருக்கு அங்க மதிப்பு இருக்கு.”

நிபியா தலையசைத்தார். இளமையில் இருவரும் தந்திக் கம்பங்களில் தொலைபேசிக் கம்பி இழுத்தவர்கள். கம்பத்தில் ஏறுகிறவர் நிபியா. ஏணியைப் பற்றுகிறவர் யமந்தூ. கீழே பற்றியிருந்த கைகளைப் பற்றி அன்று நிபியா ஒருமுறையும் ஐயுற்றதில்லை. இன்றும் ஐயுறும் எண்ணத்தோடு அவர் வரவில்லை.

“அதிகாரி வர்ற வரைக்கும் பேனாவைக் கீழே வைக்கட்டும்,” என்றார். “அப்டேட்டுக்கு முன்னாடி காப்புப் பிரதி எடுத்திருப்பீங்களே, அது எங்கே?”

“வட்டுல இடமில்லன்னு நான்தான் அழிச்சேன். அப்டேட் நல்லபடியா முடிஞ்சுதேன்னு...” யமந்தூ கைகளை விரித்தார்.

“நல்லபடியாத்தான்,” என்றான் வில்மார். இம்முறை அவன் குரலில் கேலி இல்லை.

*

மணற்குன்றின் சரிவில் நிபியாவும் வில்மாரும் ஃபியோரெல்லாவும் இறங்கினார்கள். புயலின் வடு கடலில் இல்லை. அது கரையில்தான் கிடந்தது. அறுந்த வலைகள், பிளந்த பலகைகள், அலைவாயில் மூக்கு மண்ணில் புதைய ஒருக்களித்துக் கிடக்கும் படகுகள். அவற்றுக்கு நடுவே நெடிய கம்பமொன்றின் உச்சியில் சங்கு வாய்பிளந்து நின்றது. அதன் அடியில் கடல் விண்மீன் மாதாவின் சிறு குகைக்கோயில். அங்கே எபெருக்காக ஏற்றிய மெழுகுவர்த்திகள் காற்றில் அணைவதும், யாரோ வந்து மீண்டும் ஏற்றுவதுமாக இருந்தன. நெய்தல் நிலத்துக்கு இரங்கல் உரியது என்பதை அந்தக் கரைக்கு எவரும் கற்பிக்கத் தேவையிருக்கவில்லை.

“அந்தச் சங்கு உன் யோசனையா?” என்று கேட்டார் நிபியா.

“ஆமா. முன்னாடியெல்லாம் எச்சரிக்கை பெரிய கப்பலுங்களுக்கு மட்டும்தான் போகும். இந்தச் சின்னப் படகுங்களுக்கு யாரு சொல்றது? பழைய ஆலைச் சங்கு ஒண்ணு சும்மா கெடந்துச்சு. கணினி அடிக்கடி வானிலையைப் பாக்கணும், புயல்னா சங்கை ஊதணும்னு நேரப்பணிக் கோப்போட அடியில ஒரே ஒரு வரி சேத்தேன். அண்ணனுக்காகத்தான் சேத்தேன்.” ஃபியோரெல்லா கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். “அந்த ஒரு வரியைத்தான் நானே...”

“இரு. அப்டேட் முடிஞ்சதும் சங்கை ஊதிப் பாக்கலயா?”

“பாக்கணும்னு சொன்னேன். கரையோர விடுதியில விருந்தாளிங்க இருக்காங்க, திமிங்கிலம் பாக்க வந்தவங்க. வீணா எதுக்குப் பயமுறுத்தணும்னு ஞானப்பா வேண்டாம்னுட்டாரு. புயலுக்கு அப்புறம் என் கணினி அறைச் சாவியையும் வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் கணினியை நான் தொடவே இல்ல.”

படகொன்றின் விலாவில் தார் பூசிக்கொண்டிருந்த தார்தோ, தங்கை வருவதைக் கண்டு படகின் மறுபுறம் போய்விட்டான். ஃபியோரெல்லா அங்கேயே நின்றாள். வில்மார் மட்டும் சுற்றிப் போனான்.

“என்னய்யா, படகுக்குத் தார் பூசறியா, மூஞ்சிக்கா?”

“உனக்கு என்ன வேணும்?”

“ஒரே ஒரு கேள்வி. சங்கு கடைசியா எப்ப ஊதிச்சு?”

“இதுக்கு முந்தின காத்துக்கு. காது கிழிஞ்சுது. நானும் எபெரும் வலையை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடினோம்.” தூரிகை நின்றது. “எபெர் என்ன சொல்வான் தெரியுமா? உன் தங்கச்சி கத்துறா, ஓடுடான்னு சொல்வான். சங்கு ஊதினாலே அப்படித்தான் சொல்வான். அன்னிக்கு என் வீட்டு வாசல்ல நின்னு காதைத் தீட்டிக் கேட்டான். உன் தங்கச்சி கத்தல, போலாம்னான்.”

படகுக்கு இப்பால் நின்ற ஃபியோரெல்லா அதைக் கேட்டாள். கேட்டது தெரியாதவள்போல் கடலைப் பார்த்தாள்.

*

கரையோர விடுதியின் முற்றத்தில் கடற்பாசி புன்யுவேலோக்கள் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தன. பச்சைப்பாசியை மாவில் தோய்த்துப் பொரித்த அந்த உருண்டைகளை வில்மார் ஊதி ஊதி விழுங்கினான்.

“தோன்யா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. முரண் முரண்னு சொல்றாங்களே, அது என்ன? கணினிக்குள்ள யாரு யாரோட சண்டை போடறாங்க?”

“உங்க மூர்காப் பாட்டை யாரு எழுதறா?”

“பாட்டெழுதறவன் ஒருத்தன். அதைக் கெடுக்கறதுக்குன்னே இயக்குநர் ஒருத்தன்.”

“சரி. ஒரே பாட்டோட நகலை ரெண்டு பேரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க. இவன் முதல் சரணத்தை மாத்தறான். அவன் கடைசிச் சரணத்தை மாத்தறான். மறுநாள் சேத்துப் பாடும்போது சண்டை வருமா?”

“எப்படி வரும்? மொதல்ல இவனோடது, கடைசியில அவனோடது. ரெண்டையும் வெச்சுக்கலாம்.”

“ரெண்டு பேரும் ஒரே சரணத்துல கைவெச்சிருந்தா?”

“நாற்காலி பறக்கும். யாராவது நடுவுல நின்னு, உன்னோடதா அவனோடதான்னு கேட்டே ஆகணும்.”

“அதுதான் முரண். கணினி அங்கதான் நின்னு கேட்கும். மென்பொருள் செய்யறவங்க புதுப் பதிப்பு அனுப்பறாங்க. நாம நம்ம வசதிக்குப் பழசை மாத்தி வெச்சிருக்கோம். ரெண்டு பேரும் ஒரே இடத்தைத் தொட்டிருந்தாத்தான் சண்டை. இல்லன்னா அதுவே ரெண்டையும் சேத்துட்டுப் போயிட்டே இருக்கும். அதுக்காகவே, யாரும் தொடாத பழைய மூலத்தையும், அவங்க அனுப்பின புது மூலத்தையும் தனித்தனியா ஒரு மூலையில பத்திரப்படுத்தி வெச்சிருக்கும்.”

“எங்க இயக்குநருக்கு இந்தக் கணினியை வாங்கிக் கொடுக்கணும்.”

விடுதியை நடத்தும் சுல்மா அடுத்த தட்டைக் கொண்டுவந்து வைத்தார். யமந்தூவின் மனைவி அவர். வந்தவர்களுக்கு வாய் நிறைய உபசாரம் செய்பவர். அறைகளெல்லாம் நிறைந்திருந்தன. தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிய பெண்ணொருத்தி, கடலில் திமிங்கிலம் ஊதிய நீர்த்தூவலைக் கண்டு கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“கூட்டம் அள்ளுதே, தோன்யா சுல்மா,” என்றான் வில்மார். “அந்தக் கம்பத்துச் சங்கு காதுகிட்டயே இருக்கே, அதுக்கும் பயப்படாம தங்கறாங்களா?”

“ஐயோ, அதை ஏன் கேக்கறே! விடியக்காலம் அது அலறினா, பாதிப் பேரு பெட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிடுவாங்க. இவர்கிட்ட அழுது அழுது என் தொண்டையே கட்டிப்போச்சு. அப்புறம்தான், திமிங்கிலம் வர்ற பருவத்துலேர்ந்து அது இருக்காது, நிம்மதியா அறையை வாடகைக்கு விடுன்னாரு.” சொன்னவர், கம்பத்தடியில் எரிந்த மெழுகுவர்த்திகளைக் கண்டு சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். “பாவம் எபெர். ஆண்டவர் அவனை ஏத்துக்கட்டும்.”

அவர் உள்ளே போய்விட்டார். வில்மாரின் கையிலிருந்த புன்யுவேலோ வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

“தோன்யா... திமிங்கிலம் புயலுக்கு முன்னாடியே வந்துடுச்சே?”

நிபியா மாத்தேக் குழலை உறிஞ்சினார். குடுக்கையில் நீர் தீர்ந்து வெற்றோசை எழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“வில்மார், நிலையத்துக்குப் போ. நேரப்பணிக் கோப்போட ரெண்டு மூலத்தையும் மெல்லிசுத் தாள்ல அச்செடு, எழுத்து ஒரே அளவுல இருக்கட்டும். அப்புறம் உன் மடிக்கணினியில அந்தப் பழைய யூனிக்ஸை ஏத்து. அந்தப் பொண்ணோட வரியை அடியில சேர். அப்டேட்டை ஓட்டு.”

“ஓட்டிட்டு?”

“என்ன கேட்குதுன்னு மட்டும் பாரு.”

அவர் எழுந்திருக்கவில்லை. நெடுநாள் முன்பு மிக உயரத்தில் ஏறி நின்றிருந்த ஏணியொன்று இப்போதுதான் ஆடத் தொடங்கியதுபோல், மேசையின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தார்.

*

ஆய்வதிகாரி ஒலாசாபல் கப்பற்படையில் காலங்கழித்தவர். ஆயினும் கடலைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். ஆகவே சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தார். யமந்தூ வழக்கப்படி ஒரே குடுக்கையை நிரப்பி நிரப்பி, முறை வைத்து எல்லோருக்கும் மாத்தே கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் முறை அதிகாரிக்கு. அடுத்தது ஃபியோரெல்லாவுக்கு. பழக்கத்தால் அவள் வாங்கிக் குடித்தாள்.

“சீக்கிரம் முடிச்சுக்கலாமா?” என்றார் அதிகாரி. “பொண்ணு ஒத்துக்கிட்டான்னு சொன்னாங்க.”

“ஒரே ஒரு சாட்சி பாக்கி,” என்றார் நிபியா. “யமந்தூ, அவளுக்கு ஞாபகமில்ல. உனக்கு இருக்கு. அன்னிக்குத் திரையில என்ன பாத்தியோ, அதை அந்தப் பலகையில வரைஞ்சு காட்டு. அது போதும்.”

யமந்தூ தயங்காமல் எழுந்தார். நேரப்பணிக் கோப்பின் பெயரை மேலே எழுதினார். அதன்கீழ் ஃபியோரெல்லாவின் வரி: சங்கை ஊதச் செய்யும் கட்டளை. அதன்கீழ் சமக்குறிகளால் ஆனதொரு வேலி. வேலிக்குக் கீழே, புதுப் பதிப்பின் பங்கென்று வேறொரு வரி. கையெழுத்து அழகாகவும் உறுதியாகவும் இருந்தது.

“மேல நம்மளோடது, கீழ அவங்களோடது. எதை வெச்சுக்கணும்னு கேட்டுது. நம்மளோடதை வைம்மான்னு நான் சொல்றதுக்குள்ள இவ கீழதைத் தட்டிட்டா. பாவம், அசதி.”

“நம்மளோடதை வைன்னு சொல்ல வந்தே,” என்று நிபியா அந்தச் சொற்களை மெல்லத் திருப்பிச் சொன்னார். “கீழ இருந்தது இதேதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு ஆள் செத்திருக்கான்.”

“மாதா மேல ஆணையா.”

வில்மார் இரண்டு மெல்லிய தாள்களை ஃபியோரெல்லாவிடம் நீட்டினான். “இது பழைய மூலம், இது புது மூலம். ரெண்டுலயும் நம்ம கை படல. ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு, சன்னல்ல ஒட்டிப் பாரு.”

அவள் எழுந்து போய்த் தாள்களைக் கண்ணாடியில் பதித்தாள். பின்னாலிருந்த கடலின் ஒளி இரண்டையும் ஊடுருவி வந்தது. மேற்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்கித் தெரிந்தன. புதுப் பதிப்பு மாற்றிய இடம் அது. அதற்குக் கீழே, கோப்பின் அடிவரையில், இரண்டு தாள்களும் ஒரே தாளைப்போல் பொருந்தி நின்றன. எழுத்துக்கு எழுத்து. நிழல்கூடப் பிசகவில்லை.

ஃபியோரெல்லாவின் விரல் அந்தத் தெளிந்த அடிப்பகுதியில் நின்றது. அவளுடைய வரி இருந்திருக்க வேண்டிய இடம் அது. அவள் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் மெல்லத் தாழ்ந்தன.

“எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க,” என்றார் அதிகாரி.

“இந்தக் கோப்பைப் பாட்டுன்னு வெச்சுக்குங்க, மென்பொருள் செஞ்சவங்க முதல் சரணத்தை மாத்தினாங்க,” என்றான் வில்மார். “இவ கடைசிச் சரணத்துல சேத்தா. ரெண்டு பேரும் ஒரே இடத்தைத் தொடவே இல்ல. சண்டைக்கு ஆளே இல்லாத இடத்துல, சண்டையைக் கண்ணால பாத்தேன்னு ஒருத்தர் மாதா மேல ஆணையிட்டுப் படம் வரையறாரு.”

“கணினி எல்லாக் கோப்பையும் கேட்குமே!” யமந்தூவின் குரல் உயர்ந்தது. “நாம மாத்தின கோப்பு ஒவ்வொண்ணையும் நிறுத்தி நிறுத்திக் கேட்கும். நான் எத்தனை வருஷம் இந்த வேலையைச் செஞ்சிருக்கேன்!”

“பழைய கருவி கேட்கும், ஞானப்பா,” என்றாள் ஃபியோரெல்லா, சன்னலைப் பார்த்தபடியே. “இந்தத் தடவை கருவியே மாறிடுச்சு. ஒரே இடத்துல ரெண்டு கையும் பட்டாத்தான் இது கேட்கும். நீங்க தலைவரானதுக்கு அப்புறம் அப்டேட்ல உக்காந்ததே இல்ல. அன்னிக்கும் மாத்தே ஊத்திக் கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. திரையைப் பாக்கவே இல்ல.”

வில்மார் மடிக்கணினியை அதிகாரியின் பக்கம் திருப்பினான். “ஓட்டிப் பாத்தாச்சு. பாஸ்வேர்டுக் கோப்பைக் கேட்டுது, இன்னும் சிலதைக் கேட்டுது. இதைக் கேட்கவே இல்ல. சங்கு வரி பாறையில ஒட்டின சிப்பி மாதிரி அப்படியே இருக்கு. அப்டேட் அதைத் தொடல, ஐயா. அப்டேட்டுக்கு முன்னாடியே யாரோ கையால பிச்சு எடுத்திருக்காங்க.”

“சாவி யார்கிட்ட இருந்தது?” என்றார் அதிகாரி.

“ரெண்டு பேர்கிட்ட,” என்றார் நிபியா. “ஒருத்தி, தனக்கு ஞாபகமில்லன்னு உண்மையைச் சொன்னா. இன்னொருத்தர், நடக்காததை நடந்ததுன்னு வரைஞ்சு காட்டினாரு. தானே வரியை எடுத்தாச்சு, அது போன வழியை மறைக்க ஒரு கேள்வி வேணும், அந்தக் கேள்விக்குத் தப்பாப் பதில் சொல்ல ஒரு ஆளும் வேணும். வரி முன்னாடியே போனதைக் காட்டிக்கொடுக்கிற காப்புப் பிரதியையும் அழிச்சாச்சு. அப்புறம், எல்லாத்துக்கும் மேல ஒட்டறதுக்கு என் பேரு.”

யமந்தூ பலகையின் முன் நின்றார். அவர் வரைந்த வேலி அவர் தலைக்குப் பின்னால் தெரிந்தது.

“சங்கை எடுக்கப்போறேன்னு சொல்லியிருந்தா, மீனவங்க என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா?” என்றார் கடைசியில். “அப்டேட்ல போயிடுச்சுன்னா யாரும் யாரையும் நோக வேண்டியதில்லன்னு நெனச்சேன். அதுக்குப் பதிலா சத்தமில்லாத விளக்கு ஒண்ணு வைக்கறதா இருந்தேன். சத்தியமா வெச்சிருப்பேன். காத்து அதுக்குள்ள வரும்னு யாரு கண்டா? அவன் செத்த அப்புறம்... பொண்ணு சின்னவ, தாங்கிக்குவா, நான் கூடவே இருந்து பாத்துக்கலாம்னு...”

“அந்தக் காலத்துல தந்திக் கம்பத்து மேல நிக்கறப்ப நான் ஒருநாளும் கீழ பாத்ததில்ல, யமந்தூ,” என்றார் நிபியா. “நீ பிடிச்சிருக்கேன்னு தெரியும்.”

யமந்தூவின் கை தானாகவே தெர்மோஸை நாடியது. குடுக்கையில் நீரூற்றியது. முறைப்படி அடுத்தவளை நோக்கி நீண்டது. அளவு மீறி ஊற்றியதில் வெந்நீர் விளிம்பு வழிந்து அவர் விரலைச் சுட்டது.

ஃபியோரெல்லா அதை வாங்கவில்லை.

“எனக்கு ஞாபகமில்லன்னு உங்ககிட்டதான் அழுதேன்,” என்றாள். “ராப்பகலா என் தலையை நானே போட்டு உடைச்சுக்கிட்டேன். எபெரைக் கொன்னுட்டு, கொன்னதுகூட ஞாபகமில்லாத பொண்ணா நான்னு உங்களைத்தான் கேட்டேன். நீங்க என் தலையைத் தடவிக் கொடுத்தீங்க.”

அவர் வாயெடுத்தார். அவள் காத்திருக்கவில்லை.

“நகருங்க, தோன் யமந்தூ. கணினிகிட்ட போகணும்.”

பிறந்தது முதல் அவள் அவரை அழைத்துவந்த சொல் வேறு. தெருவில் போகிற எவரையும் அழைக்கும் இந்தச் சொல், அவரை விசைப்பலகையிலிருந்து மட்டுமன்றி அவள் வாழ்விலிருந்தே விலக்கியது. அவர் விலகினார். அதிகாரி வாக்குமூலத் தாளை நான்காகக் கிழித்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு புதியதொரு தாளை எடுத்து, யமந்தூவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஃபியோரெல்லா அமர்ந்து அந்த ஒரு வரியைத் தட்டினாள். இருமுறை சரிபார்த்தாள். பிறகு சங்கைத் தன் கையாலேயே ஊதவிட்டாள்.

முதலில் கம்பம் உறுமியது. அடுத்த நொடியில் கரை முழுவதும் அந்த ஓலம் நிறைந்தது. வானம் தெளிந்திருந்தும், காரணம் கேளாமல் மனிதர்கள் ஓடிவந்து படகுகளை மேட்டுக்கு இழுத்தார்கள். விடுதி முற்றத்தில் தட்டொன்று கீழே விழுந்து உடைந்தது. ஃபியோரெல்லா கதவைத் திறந்து குன்றின் முகட்டுக்கு ஓடினாள். கீழே, தார்க்கறை படிந்த கைகளோடு, படகின் இப்புறம் வந்து நின்று தார்தோ அண்ணாந்து பார்த்தான்.

“காத்து வருதா?” என்று கத்தினான். புயலுக்குப் பிறகு அவளை நோக்கி அவன் சொன்ன முதற்சொல் அது.

“இல்லண்ணா! சோதனைதான்! நான் அதை எடுக்கலண்ணா, நான் எடுக்கவே இல்ல!”

காற்று அதில் எவ்வளவைக் கொண்டுசேர்த்ததோ தெரியவில்லை. சங்கு தேய்ந்து ஓய்ந்தது. பிறகு தார்தோ தூரிகையைப் படகுக்குள் எறிந்துவிட்டு, இரு கைகளையும் வாயருகே குவித்தான்.

“இன்னொரு தடவை ஊதச் சொல்லு!” என்றான். “எபெர் வீடு தள்ளி இருக்கு. அங்க இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது!”